கொடுத்தாரா, கொட்டினாரா? மாங்குளம் மலையில் ஒரு வினைச்சொல்

(ரியாத் பத்தாவிலிருந்து இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குரல் கேட்கிறது என்று நினைக்கிறேன். பின்னால் கொஞ்சம் இரைச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று வெள்ளிக்கிழமை, நான் பத்தாவில் எங்கள் அறையிலிருந்து பேசுகிறேன். ரியாத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. பத்தா என்பது அரபியில் மழை பெய்தால் வெள்ளம் ஓடும், மற்ற நாட்களில் மணலும் சரளையுமாகக் கிடக்கும் படுகை. இப்போது வெள்ளிதோறும் இங்கே ஓடுவது ஆட்கள்தான். கேம்ப்பிலிருந்து வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, சாமான் வாங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள்.

நான் கல்வெட்டு அறிஞன் இல்லை. ஒரு கட்டுமான சைட்டில் டைம் கீப்பர். யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை மணி நேரம், ஓவர்டைம் எவ்வளவு என்று எழுதுகிறவன். சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். தமிழி எழுத்தை ஒரு பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டவன். இன்றைய உரைக்கு என்ன தலைப்பு என்று நண்பர்கள் கேட்டபோது, ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு மணி நேரமா என்று கேட்டார்கள். கேட்டுப் பாருங்கள்.

முதலில் தூரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் லிடியா என்றொரு நாடு இருந்தது. தலைநகரம் சார்டிஸ். அந்த மொழி செத்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. கிடைத்திருப்பவை நூற்றுச் சொச்சம் கல்வெட்டுகள். எழுத்தை வாசித்துவிடலாம், பொருள்தான் தெரியாது. 1912-இல் சார்டிஸ் அகழாய்வில் ஒரு கல் கிடைத்தது. மேலே லிடியம், கீழே அதே செய்தி அரமேயத்தில். எனோ லிட்மன் 1916-இல் அதை வெளியிட்டார். இந்தக் கல்லறையை எவன் கெடுக்கிறானோ அவனுடைய வீடு, முற்றம், நிலம், நீர் எல்லாவற்றையும் ஆர்ட்டெமிஸ் தெய்வம் ஒரு வழி பண்ணட்டும் என்கிற சாபம் அதில் இருக்கிறது. நம் ஊர்க் கோயில் கல்வெட்டுகளின் கடைசியில் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் வருமே, அதே வகைதான்.

தெய்வம் என்ன செய்யட்டும்? அந்த இடத்தில் வரும் லிடிய வினை யாருக்கும் தெரியாதது. அரமேயப் பகுதியில் அதற்கு நேராக 'சிதறடி' என்ற சொல் இருக்கிறது. இங்கே அரபி பேசுகிறவர்களுக்கு அது அந்நியமான சொல் அல்ல. விதை தூவுவதற்கும், காசை வாரி இறைப்பதற்கும் அரபியில் இருக்கும் சொல்லும் அதே வேரில் வந்ததுதான். ஆக, லிடிய வினையின் பொருள் அழித்தல், சிதைத்தல் என்கிற வட்டாரத்துக்குள் வந்துவிட்டது. மிதித்து அழிப்பதா, உடைத்து நொறுக்குவதா என்பதைப் பக்கத்து மொழி சொல்லாது. அது வட்டாரத்தைத்தான் காட்டும், வீட்டு எண்ணைக் காட்டாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் கையிலும் அப்படி ஒரு வினை இருக்கிறது. நம்முடையது உயிரோடிருக்கும் மொழி. அதனாலேயே, தெரியாத சொல்லையும் தெரிந்தது போல வாசித்துவிடுகிற ஆபத்து நமக்கு அதிகம்.

மேலூருக்குப் பக்கத்தில் மாங்குளம். மீனாட்சிபுரம் என்றும் சொல்வார்கள். மலைக்கு ஓவாமலை என்று பெயர். 2022-இல் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 கடைசியில் அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் ஊரே திரண்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அதைக் கைவிட்டது. அந்த இரண்டு மாதமும் நாங்கள் இங்கே பத்தாவில் டீக்கடை வாசலில் நின்று ஃபோனில் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மலைக் குகைகளில் சமண முனிவர்களுக்குக் கற்படுக்கை வெட்டியிருக்கிறார்கள். அங்கே ஆறு தமிழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ராபர்ட் சீவெல் 1882-இல் அவற்றைக் கண்டார். அவற்றின் மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் காட்டினார். ஐராவதம் மகாதேவன் 1960-களில் நெடுஞ்செழியன் பெயரை அங்கே வாசித்தார், 2003-இல் வெளியிட்ட பெரிய தொகுப்பில் எல்லாவற்றையும் திரும்ப வாசித்துத் தந்தார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு. நான் பின்பற்றுவது அவர் வாசிப்பைத்தான்.

முதல் கல்வெட்டின் பின்பாதி இது: 'நெடுஞ்செழியன் பணஅன் கடல்அன் வழுத்திய் கொட்டுபித்தஅ பளிஇய்'. ஆங்காங்கே கூடுதலாகத் தெரியும் உயிரெழுத்துகள் அந்தக் கால எழுத்து வழக்கம், அவற்றை விட்டுவிடுங்கள். நெடுஞ்செழியனின் பணவன், அதாவது அலுவலர், கடலன் வழுதி கொட்டுபித்த பள்ளி.

அதே மலையில் இன்னொன்று. வெள்ளறை நிகமத்துக் காவிதி அந்தை அஸுதன் 'பிணஉ கொடுபிதோன்'. நிகமம் என்றால் வணிகர் குழு. பிணஉ என்பது பின்னல் வேலைப்பாடு ஏதோ ஒன்று. மூன்றாவதாக, 'சந்தரிதன் கொடுபிதோன்'. என்னத்தை என்பது இல்லை, அவ்வளவுதான் வாசகம். நான்காவதாக, 'வெள்அறை நிகமதோர் கொடிஓர்'.

கொட்டுபித்த, கொடுபிதோன், கொடிஓர். இவை ஒரே வினையா, இரண்டு வினையா?

சிக்கல் எங்கே என்றால், அந்தக் காலத்தில் இரட்டை மெய்யை எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'பள்ளி' என்பதைப் 'பளி' என்று எழுதுவார்கள். 'நிகமத்தோர்' என்பது 'நிகமதோர்'. அப்படியானால் 'கொடுபிதோன்' என்பதைக் 'கொடுப்பித்தோன்' என்று படிக்கலாம், கொடுக்கச் செய்தவன். 'கொட்டுபித்தோன்' என்றும் படிக்கலாம், கொட்டச் செய்தவன். கொட்டு என்றால் கருவியால் அடித்துச் செதுக்குவது. மேளம் கொட்டுகிறோம், கை கொட்டுகிறோம். தச்சர் கையில் இருக்கும் மரச் சுத்தி கொட்டாப்புளி. மண் வெட்டும் கருவிக்கும் கொட்டு என்று பெயர் உண்டு. அம்மி கொத்துவதன் 'கொத்து' இதற்குப் பக்கத்து வீடு.

ஒரு ட் கூடினால் கல்லை வெட்டியது, குறைந்தால் தானம் கொடுத்தது. அந்த ட்டை எழுதுவதா விடுவதா என்பது எழுதியவர் இஷ்டம்.

லிடியக்காரர்களுக்கு அரமேயம் இருந்தது. நமக்கு அப்படிக் கீழே மொழிபெயர்ப்பு இல்லை. பக்கத்துக் கல்வெட்டுகளைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

முதல் சாட்சி அந்த முதல் கல்வெட்டே. 'பளி' என்பதில் ஒற்றை ள போட்ட அதே கை, அதே வரியில் 'கொட்டு' என்பதற்கு இரட்டை ட்ட போட்டிருக்கிறது. இரட்டையைச் சேர்த்து எழுத அவசியமில்லாத இடத்தில் ஒருவர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார் என்றால் அதற்கு எடை அதிகம். இங்கே கொட்டு என்பது கிட்டத்தட்ட உறுதி.

இதற்கு ஒரு மறுப்பு வரும். பள்ளிக்கூடத்தில் படித்த பிறவினை ஞாபகம் இருக்கிறதா? நட, நடப்பி. கொடு, கொடுப்பி. செய், செய்வி. கொட்டு என்பதற்கு நியாயப்படி கொட்டுவி வர வேண்டும். கல்வெட்டில் இருப்பதோ பி. ஆகவே இது கொடுப்பித்த என்பதன் பிழையான எழுத்துதானே என்று கேட்கலாம். நான் ரொம்ப நாள் இதில் மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே கொண்டுவந்தது கரூர்ப் பக்கத்துப் புகலூர். அங்கே ஆறுநாட்டார் மலையில் 'செயிபித பளி' என்று ஒரு வாசகம் இருக்கிறது. செய்வித்த பள்ளி. நாம் செய்வி என்போம், அவர்கள் செய்பி என்றிருக்கிறார்கள். பி அப்போது இன்னும் தாராளமாகப் புழங்கியிருக்கிறது. நன்னூல் இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது. பின்னால் வந்த விதியைக் கொண்டு முன்னால் வெட்டிய கல்லைத் திருத்தக் கூடாது. மறுப்பு விழுந்துவிட்டது.

இரண்டாவது சாட்சி திருநெல்வேலிப் பக்கத்து மருகால்தலை. அங்கே ஒரு கற்படுக்கையைப் பற்றி 'குடுபித கல் கஞ்சணம்' என்று வருகிறது. குடு! இன்றைக்கும் நாம் வாய்ப்பேச்சில் குடு என்றுதானே சொல்கிறோம். அங்கே எனக்குக் கொடுப்பித்த என்றுதான் கேட்கிறது. குட்டு என்று ஒரு வினையும் தமிழில் உண்டு, ஆனால் அது பிள்ளைகள் தலையில் விழுவது, கல்லின் மேல் அல்ல. ஆக, ஒரே மாதிரி தோன்றும் இரண்டு சொல்லும் அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். காவிதி கொடுபித்த பிணஉ எந்தப் பக்கம் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. சந்தரிதனோ எந்தப் பொருளையும் சொல்லாமல் போய்விட்டார்.

மிச்சம் இருப்பது கொடிஓர். இங்கே இலக்கணம் கைகொடுக்கிறது. கொடு என்பதற்கு இறந்த காலம் கொடுத்தோர். கொட்டு என்பதற்குக் கொட்டியோர். 'இ' நடுவில் நிற்பதால் கொட்டியோர் என்று சந்தோஷமாக எழுதி வைத்திருந்தேன். அதைக் கெடுத்தவர் என் அறை நண்பர், ஷிமோகாக்காரர். ஒரு நாள் யாரிடமோ ஃபோனில், பணம் கொடுத்துவிட்டேன் என்பதற்கு 'துட்டு கொட்டே, துட்டு கொட்டே' என்று கத்திக்கொண்டிருந்தார். கன்னடத்தில் கொடு என்பதற்கு இறந்த காலம் கொட்ட. கொடுத்தவர்கள் என்பதைப் பேச்சில் கொட்டோரு என்பார்கள். இந்தக் குகைக் கல்வெட்டுகளில் பழங்கன்னடச் சாயல் உண்டு, சமணம் அந்த வழியாக வந்தது என்று மகாதேவனே வாதிட்டிருக்கிறார். அப்படியானால் வெள்ளறை வணிகர்களின் கொடிஓர், எழுதியவரின் காதில் கொட்டோரு என்று விழுந்திருக்குமா? அந்த 'இ' இடிக்கிறது. நான் இன்றைக்கும் கொட்டியோர் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் முன்பு நின்ற தெம்போடு இல்லை.

இதுவரை சொன்னது சொல் ஆராய்ச்சி. இனிமேல் சொல்வது, நான் ஏன் அந்தப் பக்கம் நின்றேன் என்பது.

எங்கள் அறையில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். நெல்லைக்காரர். கல் பதிக்கிறவர். இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. எத்தனை கட்டிடங்களின் முகப்பில் அவர் கை வைத்த கல் நிற்கிறது என்று அவருக்கே கணக்கு இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் இந்தக் கல்வெட்டின் படியைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, கொட்டா கொடுவா என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். கடைசியில், "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. துட்டு குடுத்தவன் நாந்தான் கட்டுனேம்பான்" என்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அது கெடக்கட்டும். வெட்டுனவன் பேரு எங்கயாவது போட்டிருக்கா?" என்றார்.

இல்லை என்றேன். அந்த ஆறு வரிகளில், நான் உளி பிடித்தேன் என்று சொல்லிக்கொண்டு எவரும் இல்லை.

அப்போதுதான் என் மனசு எனக்குப் பிடிபட்டது. அது கொட்டு ஆக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன். கொடு என்றால் தானம் தெரியும், பெரிய மனிதர் தெரிவார். கொட்டு என்றால் உளிச்சத்தம் கேட்கும், வெட்டியவன் தெரிவான். எங்கள் ஆட்கள் அந்தக் கல்லில் இருக்க வேண்டும் என்கிற ஆசை. ஆசை நல்லதுதான், ஆனால் அது சாட்சி ஆகாது. அன்று ராத்திரி என் குறிப்பு நோட்டை முதலிலிருந்து படித்து, ஒவ்வொரு இடத்திலும் இது ஆதாரமா என் விருப்பமா என்று பென்சிலால் குறித்தேன். கொடிஓர் பக்கத்தில் கேள்விக்குறி போட்டது அன்றைக்குத்தான்.

அப்படித் திரும்பப் படித்தபோது, அதுவரை கண்டுகொள்ளாத ஒன்று கண்ணில் பட்டது. நான் பகுதியைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சண்டையே இல்லாத எழுத்து ஒன்று அதே சொல்லில் இருக்கிறது. பி. கொட்டுபித்த என்றாலும் பி உண்டு, கொடுப்பித்த என்றாலும் பி உண்டு. பி என்றால் என்ன? நான் செய்யவில்லை, என் சொல்லால் இன்னொருவர் செய்தார் என்பது. பெயர் இல்லாத அந்த ஆள் ஓர் எழுத்தாகக் கல்லில் இருக்கிறார். கடலன் வழுதி தன் பெயரை வெட்டச் சொன்னபோது, தன் கையால் செய்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

எல்லாரும் அப்படி இல்லை. அதே மலையில் நெடுஞ்செழியனின் சாலகன், அதாவது மைத்துனன், அவனுடைய தந்தை சடிகன் வருகிறார். அங்கே வினை 'செஇய பளிய்'. செய்த பள்ளி. பி இல்லை. மன்னர் வீட்டுச் சம்பந்தி மலையேறி உளி பிடித்தார் என்று யாரும் நம்ப மாட்டோம். வெள்ளறை வணிகர்களின் கொடிஓர் என்பதிலும் பி இல்லை. அது கொட்டியோர் என்றால், அவர்களும் தாங்களே வெட்டியதாகத்தான் சொல்கிறார்கள். அலுவலர் பி போட்டார், பெரிய இடத்தார் போடவில்லை என்று இதிலிருந்து சமூகவியல் எழுதிவிடக் கூடாது. ஆறு கல்வெட்டு அதற்குப் போதாது. ஆனால் பி போடுவதும் போடாமல் விடுவதும் அன்றைக்கே இரண்டு வழிகளாக இருந்தன என்பது வரை சொல்லலாம்.

நன்னூல் இன்னொரு படியும் மேலே போகிறது. வி, பி இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஈரேவல். நான் உன்னிடம் சொல்லி, நீ இன்னொருவனிடம் சொல்லி, அவன் செய்வது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உரிமையாளர், கன்சல்டன்ட், மெயின் கான்ட்ராக்டர், சப் கான்ட்ராக்டர், ஆள் சப்ளை, அப்புறம் அண்ணாச்சி. எத்தனை பி போடுவது?

இதே நாட்டில் இந்தக் கேள்விக்கு வேறொரு பதிலைப் பார்த்தேன். ரியாத்திலிருந்து வடமேற்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அல்உலா. அதன் அருகே ஹெக்ரா, மதாயின் ஸாலிஹ். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய, சவுதியின் முதல் பாரம்பரியத் தலம். நபத்தேயர்கள் பாறையைக் குடைந்து வெட்டிய 111 பெரிய கல்லறைகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் 94-க்கு முகப்பு அலங்காரம் உண்டு. நாங்கள் நான்கு பேர் ஒரு கார் எடுத்துக்கொண்டு போனோம். அண்ணாச்சியும் வந்தார். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் பாறைக்குக் கிட்டப் போய் உளித்தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேலேருந்து கீழ எறங்கியிருக்கானுவ" என்றார். ஆய்வாளர்கள் சொல்வதும் அதுதான். உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு கல்லறை கம்கம் என்ற பெண்ணும் அவள் மகளும் தங்களுக்கும் தங்கள் சந்ததிக்கும் அமைத்தது. காலம் கி.மு. 1-ஐ ஒட்டி. கல்வெட்டு நபத்தேய அரமேயத்தில் இருக்கிறது. இந்தக் கல்லறையைச் செய்தவர்கள் இவர்கள் என்று தொடங்குகிறது. பிறகு நாள், மன்னர் பெயர். இதை விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் சாபம். எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஒரு சின்ன வாக்கியம்: வஹ்பல்லாஹி இதைச் செய்தான். கல்தச்சன். அவனுடைய தகப்பன் பெயரும் இருக்கிறது.

இரண்டு இடத்திலும் வினை ஒன்றுதான். ஐன், பா, தால் என்ற மூன்று எழுத்து. அரமேயத்தில் அதற்குச் செய்தல் என்று பொருள். அதே மூன்று எழுத்து அரபியில் அப்து, அடிமை, ஊழியன். செய்யச் சொன்ன கம்கமும் செய்தாள், செய்த வஹ்பல்லாஹியும் செய்தான். பிறவினை விகுதி அங்கே இல்லை. அதற்குப் பதிலாகக் கையெழுத்து இருக்கிறது. அங்கே வேறு சில முகப்புகளிலும் தச்சர்கள் இப்படித் தங்கள் பெயரை விட்டிருக்கிறார்கள்.

இதை அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். பேர் என்ன, பேர் என்ன என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது வண்டியில், "நம்ம ஊர்க்காரனும் போட்டிருக்கலாம்லா" என்றார்.

போட்டிருக்கலாம். அரச்சலூரில் எழுத்துப் புணருத்தான் என்று ஒருவர் தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டிருக்கிறார். தாளச் சொற்களைக் கட்டமாகக் கோத்தவர், தேவன் சாத்தன். மாங்குளத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது அது. அங்கே வினையில் பி இல்லை. அவர் கலைஞர், தன் வேலைக்குத் தானே பெயர் போட முடிந்தது. ஓவாமலையில் வெயிலில் உட்கார்ந்து படுக்கை வெட்டியவருக்கு அது வாய்க்கவில்லை. அவர் வெட்டிய எழுத்துகளில் மற்றவர்கள் பெயர் இருக்கிறது.

முடிவாக நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். முதல் கல்வெட்டு கொட்டுபித்த என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கொடுபிதோன் இரண்டு பக்கமும் சாயும். கொடிஓர் கொட்டியோர் என்று நினைக்கிறேன், நிரூபிக்க என்னால் முடியாது. வருங்காலத்தில் இன்னொரு குகையில் ஒரு ட் கூடுதலாகக் கிடைத்தால் இந்த உரையைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் பி நிச்சயம். பழைய கல்வெட்டைப் படிக்கும்போது யார் கொடுத்தார், எந்த மன்னர் காலம் என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வினையின் வாலையும் பாருங்கள். இன்னொரு ஆள் அங்கே நிற்கலாம்.

நேரம் ஆகிவிட்டது. அண்ணாச்சி பக்கத்து அறையில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார். ஊருக்குப் போகிறவர்கள் மேலூரில் இறங்கி ஒரு தடவை அந்த மலைக்குப் போய் வாருங்கள். காலையில் சீக்கிரம் போனால் வெயில் தெரியாது. தண்ணீர் கொண்டுபோங்கள். எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவாதீர்கள். கண்ணால் பார்த்தால் போதும்.